சோதனைக் குழாயிலிருந்து அரசாணை வரை: ஒட்டுண்ணி மருந்துகளும் வைரஸ் நோய்களும்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்ட அன்று மாலை ஐந்து மணிக்கு, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி கூறும் முகமாக மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினர், தட்டுகளை ஒலித்தனர். அதே தேதியிட்ட ஒரு சிறு அறிவுரைக் குறிப்பும் அந்த மருத்துவப் பணியாளர்களைப் பற்றியதாகவே இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அமைத்த தேசியப் பணிக்குழுவின் குறிப்பு அது. கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும், அறிகுறி ஏதுமற்ற பணியாளர்கள் முதல் நாள் இரு வேளை 400 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும், பிறகு வாரம் ஒருமுறை 400 மில்லிகிராம் வீதம் ஏழு வாரமும் உட்கொள்ளலாம் என்று அது பரிந்துரைத்தது. நோயாளியின் வீட்டில் உடனிருப்போருக்கு மூன்று வாரம் என்று வரையறுத்தது.

மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராக உருவான ஒரு மருந்து, வைரஸ் ஒன்றின் தொற்றைத் தடுக்கும் என்பதற்கு அன்று கையில் இருந்த சான்று மிகக் குறைவு: ஆய்வகத் தட்டுகளில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவுகள், சிகிச்சையில் பயன் இருக்கக்கூடும் என்ற சில தொடக்கநிலைத் தகவல்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், அந்த மருந்தும் அதன் பின் வந்த ஐவர்மெக்டினும் தேசிய வழிகாட்டு நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் எண்ணற்றோர் இவற்றை விழுங்கினர். அவ்வளவு பேர் விழுங்கியதிலிருந்து இந்திய மருத்துவம் என்ன கற்றுக்கொண்டது என்ற கேள்விக்கு விடை தேடினால், அந்த வரலாற்றின் மையத்துக்கு வந்து சேரலாம்.

1. சுராமின்: மறந்துபோன முன்னோடி

ஒட்டுண்ணிக்கான மருந்தை வைரஸுக்குப் பயன்படுத்தும் எண்ணம் 2020இல் பிறந்ததன்று. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1916இல் உருவாக்கிய சுராமின், ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்து. ரெட்ரோ வைரஸ்கள் பெருகுவதற்குத் தேவையான நொதி ஒன்றை இம்மருந்து தடுக்கிறது என்று 1979இல் எரிக் டி கிளார்க் கண்டறிந்தார். எய்ட்ஸ் நோய்க்கு எந்த மருந்தும் இல்லாதிருந்த 1984இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாகி மிட்சுயாவும் சாமுவேல் ப்ரோடரும் அடங்கிய குழு, சோதனைக் குழாயில் வளர்த்த டி-செல்களை எச்.ஐ.வி. தொற்றிலிருந்து சுராமின் காக்கிறது என்று காட்டியது. மரணத்தின் விளிம்பில் நின்ற நோயாளிகளுக்கு அது செலுத்தப்பட்டது. 1987இல் வெளியான முடிவுகள் தெளிவாக இருந்தன: நோயாளிகளின் நிலையிலோ நோயெதிர்ப்பாற்றலிலோ முன்னேற்றம் இல்லை, பலருக்கு அட்ரினல் சுரப்பி பாதிக்கப்பட்டது.

அதே ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட மற்றொரு பொருள் ஏ.இசட்.டி. என்னும் சிடோவுடின். அதுவும் சோதனைக் குழாயில் வென்றதுதான். ஆனால், 282 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்துப்போலியும் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் ஒருவரும் பெறாதவர்களில் 19 பேரும் இறந்திருந்தனர். சோதனைக் குழாயில் ஒன்றுபோலத் தோன்றிய இரு மருந்துகளில் எது உயிர் காக்கும், எது காக்காது என்பதை மனிதர்களிடையே செய்யப்பட்ட சோதனையே சொன்னது.

2. குளோரோகுயின்: நான்கு முயற்சிகள்

குளோரோகுயினின் கதை இன்னும் நீளமானது. செல்லுக்குள் நுழையும் வைரஸ்கள் பல, அமிலத்தன்மை மிக்க சிறு பைகளின் வழியே உள்ளே செல்கின்றன. குளோரோகுயின் அந்த அமிலத்தன்மையைக் குறைக்கிறது. ஆகவே வைரஸின் வழி அடைபடும் என்பது கோட்பாடு. கோட்பாட்டில் பிழை ஏதுமில்லை. ஆய்வகத்தில் இன்ஃபுளூவென்சா, டெங்கு, சிக்குன்குனியா, 2003இன் சார்ஸ் வைரஸ் ஆகிய எல்லாவற்றையும் அது தடுத்தது.

மனிதர்களிடம் சோதித்தபோது கிடைத்தவை வேறு. சிங்கப்பூரில் 1,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், குளோரோகுயின் இன்ஃபுளூவென்சா தொற்றைத் தடுக்கவில்லை. வியட்நாமில் டெங்கு நோயாளிகளிடமும் மருத்துவப் பயன் காணப்படவில்லை. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் 2005-06இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கிய சிக்குன்குனியாவின்போது நடந்த சிறு சோதனையில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் தொடக்க நாட்களில் வேறுபாடு இல்லை. இருநூறாம் நாளில் மூட்டுவலி இருப்பதாகக் கூறியவர்கள் மருந்து பெற்றவர்களிடையேதான் அதிகம். பின்னர் குரங்குகளிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது: குளோரோகுயின் உடலின் நோயெதிர்ப்பைத் தாமதப்படுத்தி, இரத்தத்தில் வைரஸின் அளவைக் கூட்டியது.

அதே சிக்குன்குனியா 2006இல் இந்தியாவிலும் பரவியது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. மூட்டுவலிக்குக் குளோரோகுயின் இங்கும் பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் இந்திய மூட்டுநோய் வல்லுநர்கள் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், சாதாரண வலிநிவாரணியான மெலாக்ஸிகாமைவிடக் குளோரோகுயின் மேலானதாக இல்லை.

ஆக, 2020 மார்ச்சில் இந்த மருந்து வெற்றுத்தாளாக வரவில்லை. செல்களில் வெற்றி, மனிதரில் தோல்வி என்ற அதன் பழைய ஏடு நூலகங்களில் திறந்தே கிடந்தது. முன்பு தோற்றது இம்முறையும் தோற்றே தீரும் என்று அந்த ஏட்டைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால், சோதிக்காமல் நம்பக் கூடாது என்று எச்சரிக்க அது போதும்.

3. சஞ்சீவியும் ஏற்றுமதியும்

அறிவுரை வந்த சில நாட்களிலேயே மருந்து அரசியலானது. மார்ச் 25 அன்று இந்தியா ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஏப்ரல் 4 அன்று முழுவதுமாகத் தடை செய்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் பதிலடி குறித்துப் பேசிய மறுநாள், ஏப்ரல் 7 அன்று, தடை தளர்த்தப்பட்டது. பிரேசில் அதிபர் போல்சனாரோ, இலக்குவனைக் காக்க அனுமன் இமயத்திலிருந்து மருந்து கொணர்ந்ததை நினைவூட்டி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உலகின் மருந்தகம் என்ற பெருமிதம் ஒரு மாத்திரையின் மேல் வந்து அமர்ந்தது. அந்த மாத்திரை பயன்படுமா என்ற கேள்வியை எழுப்புவதே அந்தப் பெருமிதத்தை ஐயுறுவதாகத் தோன்றும் நிலை உருவாயிற்று. லூபஸ், முடக்குவாதம் ஆகியவற்றுக்காக இதே மருந்தை நாள்தோறும் நம்பியிருந்த நோயாளிகள் கடை கடையாக அலைந்தனர்.

மே மாத இறுதியில் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்கள், தொற்றுக்குள்ளான 378 பணியாளர்களையும் தொற்றாத 373 பணியாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டனர். நான்கும் அதற்கு மேற்பட்டும் வாராந்திர அளவுகளை எடுத்தவர்களிடம் தொற்று குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. நேர்மையான முயற்சிதான், ஆயினும் இவ்வகை ஆய்வுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. நான்கு வாரம் விடாமல் மாத்திரை எடுத்தவர், பெரும்பாலும் அந்த நான்கு வாரமும் நோயின்றி இருந்தவரே. மாத்திரையை ஒழுங்காக விழுங்குபவர் முகக்கவசத்தையும் ஒழுங்காக அணிபவராக இருக்கலாம். தொற்று குறைந்ததற்கு மாத்திரை காரணமா, மாத்திரை எடுத்தவரின் இயல்பு காரணமா என்று பிரித்தறிய, யார் மாத்திரை பெறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பிலும் களங்கம் நேர்ந்தது. 2020 மே 22 அன்று லான்செட் இதழில் வெளியான பெரும் ஆய்வொன்று, இம்மருந்து மரணத்தைக் கூட்டுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அம்மருந்துக்கான பிரிவை நிறுத்தி வைத்தது. ஆனால், சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனம் தந்த அத்தரவுகளை எவராலும் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருந்துக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று நம்பியோருக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை. பிற்காலத்தில் எத்தனை நல்ல ஆய்வுகள் வந்தபோதும் அவர்கள் நம்ப மறுத்ததற்கு இந்த இரண்டு வாரக் கேவலமும் ஒரு காரணம்.

விடை பிரிட்டனிலிருந்து வந்தது. ரெகவரி சோதனையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27.0 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25.0 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஏறத்தாழ அதே வேளையில் ஜெர்மானிய ஆய்வகமொன்று காரணத்தையும் விளக்கியது. முதலில் சோதிக்கப்பட்டவை குரங்கின் சிறுநீரகச் செல்கள். அவற்றில் புது வைரஸ் அமிலப் பைகளின் வழியே நுழைகிறது. மனித நுரையீரல் செல்களிலோ வேறொரு நொதியின் துணையால் அது நேராக நுழைந்துவிடுகிறது. மருந்து அடைத்தது உண்மையில் ஒரு கதவைத்தான். நுரையீரலில் வைரஸ் வந்ததோ வேறு கதவின் வழியே.

4. மண்ணில் கிடைத்த அற்புதம்

ஐவர்மெக்டினின் வரலாறு மதிப்புக்குரியது. ஜப்பானின் கவானா என்ற ஊரில், கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்து சடோஷி ஒமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரே அதன் மூலம். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழுவினர் அதிலிருந்து மருந்தை உருவாக்கினர். 1981இல் கால்நடைகளுக்கும் 1987இல் மனிதர்களுக்கும் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாகப் பார்வையைப் பறித்த ஆங்கோசெர்சியாசிஸ் நோய்க்கு, தேவைப்படும் வரை தேவைப்படும் அளவு இலவசமாகத் தருவதாக மெர்க் அறிவித்தது. 2015இல் ஒமுராவும் கேம்பெல்லும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒரு குளோரைடு வாயிலைத் திறந்து அதை முடக்குவதே இம்மருந்தின் வேலை. மனிதருக்கு அத்தகைய வாயில் இல்லை. ஆதலால் உரிய அளவில் அது பாதுகாப்பானது.

2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐவர்மெக்டின் சேர்த்த செல் வளர்ப்பில் 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 5,000 மடங்கு குறைந்தது என்று அறிவித்தனர். உலகச் செய்தித்தாள்கள் அந்த ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டன. கட்டுரையில் மற்றோர் எண்ணும் இருந்தது: பயன்படுத்திய செறிவு 5 மைக்ரோமோலார். ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை சுமார் 875. ஆகவே 5 மைக்ரோமோலார் என்பது ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 4,375 நானோகிராம். புழுநோய்க்குக் கொடுக்கும் வழக்கமான அளவில் இரத்தத்தில் எட்டுவது ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம்தான். தட்டில் இருந்த செறிவை உடலில் எட்ட வேண்டுமானால் வழக்கத்தைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு மருந்து தேவை. இளநிலை மருந்தியல் மாணவர் ஒருவர் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இந்தியாவில் 2020 ஆகஸ்ட் 6 அன்று உத்தரப் பிரதேச அரசு தடுப்புக்கும் சிகிச்சைக்கும் ஐவர்மெக்டினை ஏற்றது. 2021 ஏப்ரல் 22 தேதியிட்ட எய்ம்ஸ்-ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை, இலேசான நோயாளிகளுக்கு மூன்று நாள் ஐவர்மெக்டின் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. சான்றின் உறுதி குறைவு என்ற குறிப்பையும் அது சேர்த்தே எழுதியிருந்தது. நாளொன்றுக்கு நான்கு லட்சம் தொற்றுகள் பதிவாகி, படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் தவித்த நாட்கள் அவை. அந்தச் சிறு குறிப்பை யார் படித்திருப்பர்? மே 10 அன்று கோவா சுகாதார அமைச்சர், 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், தொற்று இருப்பினும் இல்லாவிடினும், ஐந்து நாள் 12 மில்லிகிராம் வீதம் அம்மருந்து வழங்கப்படும் என்று அறிவித்தார்.

நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தவை பல சிறு ஆய்வுகளும், அவற்றைத் திரட்டிக் கூட்டிய தொகுப்பாய்வுகளும் ஆகும். அத்தொகுப்புகளில் பெரும் எடை தாங்கியது, எகிப்தின் பென்ஹா பல்கலைக்கழகத்திலிருந்து 2020 நவம்பரில் முன்வெளியீடாக வந்த ஆய்வு. மரணம் 90 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. லண்டனில் பயின்ற மருத்துவ மாணவர் ஜாக் லாரன்ஸ், வகுப்புப் பயிற்சிக்காக அதைப் படித்தபோது, வேறிடத்திலிருந்து எடுத்த பத்திகளைக் கண்டார். தரவைத் திறந்து பார்த்தபோது, ஒரே நோயாளியின் விவரங்கள் திரும்பத் திரும்ப வருவதையும், ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தோர் அதில் சேர்க்கப்பட்டிருப்பதையும் கண்டார். 2021 ஜூலையில் அந்த முன்வெளியீடு விலக்கப்பட்டது. அதை நீக்கியதும் தொகுப்புகளின் முடிவுகள் ஆட்டங்கண்டன. தொகுப்பாய்வு சான்றுகளின் உச்சம் என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். உள்ளிடப்படும் ஆய்வுகளின் தரத்துக்கு மேல் அது உயர முடியாது என்பதையும் உடன் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சிய நல்ல ஆய்வுகளிலும் சிலவற்றில் பயன் தென்பட்டதே, அது ஏன்? 2022இல் அவி பிட்டர்மன் வெளியிட்ட பகுப்பாய்வு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு மிகுந்த நாடுகளில் நடந்த சோதனைகளில் மட்டும் மரணம் குறைந்திருந்தது; குறைவான நாடுகளில் அவ்வாறில்லை. கொரோனா நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுக்கும்போது, உடலில் அடங்கியிருந்த இப்புழு கட்டுமீறிப் பெருகி உயிரையே பறிக்கலாம். ஐவர்மெக்டின் அங்கே உயிர் காத்திருக்குமானால், அது தன் பழைய தொழிலைச் செய்தே காத்திருக்கக்கூடும்.

பெரிய சோதனைகள் 2022இல் முடிவுக்கு வந்தன. மலேசியாவில் 490 பேரிடம் நடந்த சோதனையில், ஐவர்மெக்டின் பெற்றோரில் 21.6 விழுக்காட்டினரும் பெறாதோரில் 17.3 விழுக்காட்டினரும் கடும் நோய்க்கு ஆளாயினர். மரணங்கள் 3க்கு 10 என்றிருந்ததை ஆதரவாளர்கள் சுட்டினர். புள்ளியியல் நோக்கில் அவ்வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம். அது தற்செயலா என்று அறியப் பெரிய சோதனைதான் வழி. பிரேசிலின் டுகெதர் சோதனையில் இரு பிரிவிலும் 679 பேர் இருந்தனர். மரணங்கள் 21, 24. மருத்துவமனைத் தேவை 14.7 விழுக்காடு, 16.3 விழுக்காடு. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

5. மறுதரப்பின் நியாயம்

ஐவர்மெக்டினை எழுதிக் கொடுத்த மருத்துவர்களை மூடநம்பிக்கையாளர் என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு ஏற்றதன்று. அவர்களது வாதத்தில் வலு இருந்தது. மருந்து மலிவானது, பல்லாண்டு கோடிக்கணக்கானோர் உட்கொண்டது, காப்புரிமை முடிந்த மருந்தைச் சோதிக்க எந்த நிறுவனமும் பணம் செலவிடாது, பயனே இல்லை என்றாலும் தீங்கு சிறிது. நூறு நோயாளிகள் வாசலில் நிற்கும்போது சான்றுக்காகக் காத்திருப்பது இரக்கமற்ற செயலாகவே அவர்களுக்குப் பட்டது. விலையுயர்ந்த ரெம்டெசிவிர் குப்பிகளுக்காகக் குடும்பங்கள் நகைகளை அடகு வைத்த அதே நாட்களில், சில ரூபாய் மாத்திரை ஒன்றை ஐயுறுவோர் யாருடைய நலனுக்காகப் பேசுகின்றனர் என்று மக்கள் கேட்டதும் இயல்பே.

இவ்வாதத்தின் ஒரு பகுதியை ரெகவரி சோதனையே தகர்த்தது. காப்புரிமையற்ற, மிக மலிவான டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரண விகிதத்தை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது என்று 2020 ஜூனில் அதே சோதனைதான் நிறுவியது. அதற்கான செலவைப் பொதுப்பணம் ஏற்றது. அம்மாத இறுதிக்குள் இந்திய நெறிமுறையிலும் அம்மருந்து இடம்பெற்றது. மலிவான மருந்துக்கு எதிராக அறிவியல் நின்றிருந்தால் இது நிகழ்ந்திராது.

உத்தரப் பிரதேசத்தில் தொற்று வீழ்ந்ததே என்பது மற்றொரு வாதம். 2021 ஜூன்-ஜூலையில் நடந்த நான்காம் தேசியக் குருதி ஆய்வில், அம்மாநிலத்தில் 71 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புரதம் காணப்பட்டது, கேரளத்தில் 44.4 விழுக்காடு. உத்தரப் பிரதேசத்தில் அலை ஓய்ந்தபோது பெரும்பாலானோர் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் அல்லது தடுப்பூசி பெற்றிருந்தனர் என்பதே இதன் பொருள். மாத்திரை வழங்கியதற்குப் பின் அலை ஓய்ந்தது என்பதிலிருந்து மாத்திரையால் ஓய்ந்தது என்பதைப் பெற முடியாது.

6. சென்னை, 1956

இவ்வளவையும் வளர்ந்த நாடுகளின் அளவுகோலால் இந்தியாவை அளப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அளவுகோல் இங்கேயே இருந்தது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அமைத்த அம்மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். காசநோயாளிக்குச் சானடோரியம், நல்ல காற்று, ஊட்டமான உணவு, முழு ஓய்வு ஆகியவை இன்றியமையாதவை என்பது அன்றைய மருத்துவத்தின் அசையாத நம்பிக்கை. இந்திய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் எம்மாத்திரம்! பஞ்சமும் நெருக்கடியும் மரணமும் கொரோனாவைவிடக் குறைந்தவையல்ல. அன்று செய்ததோ இது: 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவர்களது நெரிசலான, வறிய வீடுகளிலேயும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமாயினர். அவர்களது குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை. 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டு வந்தது.

பின்னர் 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற, எவரும் விரும்பாத முடிவை இந்திய அறிவியலாளர்கள் மறைக்காமல் வெளியிட்டனர்.

கொரோனா காலத்திலும் அத்திறன் அற்றுப்போகவில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஐ.சி.எம்.ஆர். நடத்திய பிளாசிட் சோதனை, குணமடைந்தோரின் பிளாஸ்மா பயனளிக்கவில்லை என்று உலகுக்கே முன்னதாகக் காட்டியது. அம்முடிவு 2020 அக்டோபரில் வெளியாயிற்று. ஆயினும் பிளாஸ்மா தேசிய நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது 2021 மே 17 அன்றுதான். இடையில் வந்த இரண்டாம் அலையில், பயனில்லை என்று இந்நாடே நிறுவிய ஒன்றைத் தேடி உறவினர்கள் இரவு பகலாகச் சமூக ஊடகங்களில் மன்றாடினர்.

2021 மே மாதம் கோவா அறிவிப்பை ஒட்டி, கொரோனாவுக்கு ஐவர்மெக்டினைச் சோதனைகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்ற நிலைப்பாட்டைப் பொதுவெளியில் நினைவூட்டியவர், உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த சௌம்யா சுவாமிநாதன். அவர் முன்பு தலைமை வகித்த நிறுவனம், அதே சென்னைக் காசநோய் மையத்தின் இன்றைய வடிவமே. அந்த நினைவூட்டலுக்காக மும்பை வழக்கறிஞர் அமைப்பொன்று அவருக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது.

7. வரையப்படாத அட்டவணை

2021 மே இறுதியில் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகமும், செப்டம்பரில் எய்ம்ஸ்-ஐ.சி.எம்.ஆர். நெறிமுறையும் இரு மருந்துகளையும் கைவிட்டன. ஐவர்மெக்டின் தன் சொந்தத் தொழிலில் தொடர்கிறது: பீகாரின் அர்வால், மகாராட்டிரத்தின் நாக்பூர் முதலிய மாவட்டங்களில் தொடங்கிய மும்மருந்துத் திட்டத்தில், யானைக்கால் நோயை ஒழிக்க அது வழங்கப்படுகிறது. அங்கு அது கூட்டுச்சேர்ந்த டை-எத்தில்கார்பமசின், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வகத்தில் 1940களில் உருவானது. அத்திட்டம் தொடங்கும் முன் மும்மருந்துச் சேர்க்கையும் முறையாகச் சோதிக்கப்பட்டிருந்தது.

மருந்துகள் தோற்றது பெரிய இழப்பன்று. சோதிக்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை தோற்கவே செய்யும். இழப்பு வேறு. ஒரு பரிந்துரை அதிகாரபூர்வமாகிவிட்ட பின், அதே மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் சோதிக்க முனைபவர், நோயாளிக்குரியதை மறுப்பவராகக் கருதப்படுகிறார். இவ்வாறாக, சான்று வருமுன் வரும் பரிந்துரை, சான்று பிறக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றிய விடையைப் பிரிட்டனும் ஐவர்மெக்டின் பற்றிய விடையைப் பிரேசிலும் மலேசியாவும் தந்தன. மிக அதிகமாக விழுங்கிய நாடுகளுள் ஒன்றான இந்தியா அவற்றுக்குக் காத்திருந்தது.

இதற்குப் பெருஞ்செலவோ அயல்நாட்டு உதவியோ தேவைப்பட்டிராது. பிரிட்டனில் நடந்து 1948இல் முடிவு வெளியான புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை, எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதாது என்ற பற்றாக்குறையையே குலுக்கலுக்கான நியாயமாக்கிக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தில் 75 மாவட்டங்கள் உள்ளன. எந்த மாநிலத்திலும் மாத்திரைகள் ஒரே நாளில் எல்லா மாவட்டங்களையும் சென்றடைவதில்லை; யாரோ ஒரு அதிகாரி வரிசையைத் தீர்மானிக்கிறார். அந்த வரிசையை ஒரு குலுக்கலிடம் விட்டு, முதலில் பெற்ற மாவட்டங்களையும் மூன்று வாரம் கழித்துப் பெற்ற மாவட்டங்களையும் அருகருகே எழுதியிருந்தால், எவருக்கும் மருந்தை மறுக்காமலேயே உலகம் 2022 வரை காத்திருந்த விடையின் பெரும்பகுதி 2020 இறுதிக்குள் லக்னோவில் கிடைத்திருக்கும். இரண்டாம் அலை அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.